ஆவியை அளந்தவர்கள்

பெட்டியில் பட்டுத் துணிகளுக்கு இடையே கற்பூரத்தை முடிந்து வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். நெடுநாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் துணி இருக்கும். முடிச்சும் அவிழாமல் இருக்கும். உள்ளே கற்பூரம் மட்டும் இராது. எடுத்தவர் எவருமில்லை. உருகி வழிந்த கறையும் இல்லை. திடப்பொருளாக இருந்தது, திரவமாகாமலே ஆவியாகிப் பெட்டியின் இடுக்குகள் வழியே போய்விட்டது.

அத்தர்க் குப்பியின் மூடியை எடுத்ததும் அறையின் மறுகோடியில் அமர்ந்திருப்பவர் தலை நிமிர்வதும் இதே காரணத்தால்தான். குப்பி சாயவில்லை, ஒரு துளியும் சிந்தவில்லை. ஆயினும் அதனுள் இருந்த ஏதோ ஒன்று புறப்பட்டுக் காற்றில் கலந்து அவருடைய நாசியை எட்டிவிட்டது.

கற்பூரம் போய்விடும் என்பதை நம் வீட்டு மூத்த பெண்கள் அறிவர். எத்தனை நாளில் போகும் என்பதையும் அனுபவத்தால் கூறுவர். ஆனால், அது என்ன வலிமையோடு வெளியேறுகிறது என்று கேட்டால் அனுபவம் வாய்மூடி நின்றுவிடும். அங்கே அளவு வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத அந்த வலிமையை எண்ணாக்குவதற்கு மனிதன் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறான். அந்த உழைப்பின் வரலாற்றையே இங்குக் காணப்போகிறோம்.

ஒரு திரவத்தை மூடிய கலத்தில் இட்டு, காற்றை அகற்றிவிட்டதாகக் கொள்வோம். திரவத்தின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறியவற்றுள் சில மீண்டும் திரவத்துள் விழும். போவனவும் வருவனவும் சமமாகும் நிலையில், மேலே நிற்கும் ஆவி கலத்தின் சுவர்களை ஒரு குறிப்பிட்ட வலிமையோடு உந்தும். அவ்வுந்துதலே ஆவியழுத்தம். வெப்பம் கூடினால் அதுவும் கூடும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு அது சமமாகும்போது திரவம் கொதிக்கிறது.

அனலும் அனுபவமும்

ஆவியை ஆளும் கலையில் கிழக்குலகத்தார் முன்னோடிகள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தீயின் பெயரால், நறுமணப் பொருள்களையும் வாலை வடித்தலையும் பற்றிய நூலொன்று வழங்குகிறது. நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. அவருக்குப் பின் வந்த அர்-ராஸீ, வடிகலங்களையும் உலைகளையும் வகைப்படுத்தி விவரித்தார். வடிகலத்துக்கு அரபியர் வழங்கிய 'அல்-அன்பீக்' என்னும் சொல், சிறிது திரிந்து ஐரோப்பிய மொழிகளில் இன்றும் நிற்கிறது.

அக்கலைஞர்கள் எந்த நெய்மத்துக்கு மெல்லிய அனல் வேண்டும், எதற்குச் சாம்பலிலோ வெந்நீரிலோ கலத்தை வைக்க வேண்டும் என்பதை நுட்பமாக அறிந்திருந்தனர். ஒரு கலவையிலிருந்து எது முன்னே வரும், எது பின்னே வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆவியழுத்தம் மிகுந்தது முன்னே வருகிறது என்பதே அதன் உட்பொருள். எனினும், அந்த அழுத்தத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. இல்லாததை இருந்ததாகக் கூறிப் பெருமை கொள்வது அப்பெரியார்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர்களிடம் அனல் இருந்தது, அனுபவம் இருந்தது, நாசியே கருவியாக இருந்தது.

வாலை வடிக்கும் இக்கலை ஐரோப்பாவை அடைந்து அங்கும் வளர்ந்தது. ஜெர்மானியரான லிபாவியஸ், 1606ஆம் ஆண்டில் ஈயச் சர்க்கரை எனப்படும் ஈய அசிட்டேட்டைச் சூடாக்கி வடித்தபோது, எளிதில் தீப்பற்றும் தெளிந்த திரவம் ஒன்றைப் பெற்றார். அதுவே இன்று நாம் அசிட்டோன் என்று அழைப்பது. 1832இல் துமாவும் லீபிக்கும் அதன் இயைபைக் கண்டறிந்தனர். அசிட்டோனின் பெயரைத் தழுவியே, 1848இல் கிமெலின் என்பார் அதன் இனத்துக்குக் 'கீட்டோன்' என்னும் பெயரை வழங்கினார். ஒரு கரியணுவோடு ஆக்சிஜன் அணு ஒன்று இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்க, அக்கரியணுவின் இருபுறமும் வேறு கரியணுக்கள் அமைந்திருப்பின் அப்பொருள் கீட்டோன் ஆகும். நகப்பூச்சைத் துடைக்கும் அசிட்டோனும், நைலான் தொழிலுக்கு வேண்டிய சைக்ளோஹெக்சனோனும் இவ்வினத்தைச் சார்ந்தவை. நம் பெட்டியிலிருந்து மறைந்த கற்பூரமும் ஒரு கீட்டோனே!

பாதரசத்தின் மேலே ஒரு வெறுவெளி

அளவுக்கு வழி திறந்தது இத்தாலியில். 1643ஆம் ஆண்டில் டாரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதைப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்க்கும் சோதனைக்கு வழி வகுத்தார். பாதரசம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அதற்கு மேலே வெறுவெளி. காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரமானி இவ்வாறு பிறந்தது.

அந்த வெறுவெளியை ஆவிக்கு உரிய அளவுக்கூடமாக மாற்றிக்கொண்டவர்களுள் தலையானவர் ஜான் டால்ட்டன். இங்கிலாந்தின் வடபகுதிச் சிற்றூர் ஒன்றில் நெசவாளியின் மகனாக 1766இல் பிறந்து, மான்செஸ்டர் நகரில் பாடம் சொல்லிப் பிழைத்தவர். அணுக்கொள்கையால் பெரும்புகழ் பெறுவதற்கு முன்பே, 1801ஆம் ஆண்டு அந்நகரத்து இலக்கிய, தத்துவச் சங்கத்தில் ஆவிகளைப் பற்றித் தம் ஆய்வுகளை அவர் படித்தார்.

அவருடைய முறை மிக எளியது. பாரமானிக் குழாயின் உட்புறத்தை ஆராய வேண்டிய திரவத்தால் நனைத்துப் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்ப்பார். வெறுவெளியில் ஆவி பரவிப் பாதரசத்தைக் கீழே தள்ளும். குழாயின் மேற்பகுதியை அகன்ற வேறொரு கண்ணாடிக் குழாயால் சூழ்ந்து, அதில் வெவ்வேறு வெப்பநிலைகளில் நீரை ஊற்றுவார். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறதோ, அத்தனை மில்லிமீட்டரே அந்த வெப்பநிலையில் ஆவியழுத்தம். அசிட்டோனை இவ்வாறு 20 பாகை சென்டிகிரேடில் சோதித்தால் பாதரசம் ஏறத்தாழ 185 மில்லிமீட்டர் தாழும், நீரானால் 17.5 மில்லிமீட்டர்தான். இரண்டு திரவங்களின் இயல்பும் இவ்விரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது.

டால்ட்டனின் பிழை

தம் அளவுகளைக் கொண்டு டால்ட்டன் ஒரு விதியை வகுத்தார். எல்லாத் திரவங்களுக்கும், அவற்றின் கொதிநிலையிலிருந்து சம பாகைகள் தள்ளி நின்று பார்த்தால், ஆவியழுத்தம் ஒன்றாகவே இருக்கும் என்பது அவ்விதி. அழகிய விதி; ஆனால் தவறான விதி.

அது எவ்வாறு அவரை மயக்கியிருக்கும் என்பதைக் கீட்டோன்களைக் கொண்டே நாம் சோதித்துக் காணலாம். அசிட்டோன் 56 பாகையில் கொதிக்கிறது. அதற்கு 31 பாகை கீழே, அதாவது 25 பாகையில், அதன் ஆவியழுத்தம் சுமார் 231 மில்லிமீட்டர். நீரின் கொதிநிலைக்கு 31 பாகை கீழே, அதாவது 69 பாகையில், நீரின் ஆவியழுத்தம் சுமார் 224 மில்லிமீட்டர். இரண்டும் நெருங்கியே நிற்கின்றன. இத்துடன் நின்றுவிட்டால் டால்ட்டன் கூறியது சரியென்றே தோன்றும்.

ஆனால், சைக்ளோஹெக்சனோன் ஏறத்தாழ 156 பாகையில் கொதிப்பது. அதற்கு நூறு பாகை கீழே அதன் அழுத்தம் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. நீரின் கொதிநிலைக்கு நூறு பாகை கீழே, பனி உருகும் நிலையில், நீரின் அழுத்தமோ 4.6 மில்லிமீட்டர்தான். நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு! சில திரவங்களில் பொருந்தியதை எல்லாத் திரவங்களுக்கும் உரியதாக்கியதே பிழை. டால்ட்டனின் விதி மறைந்தது. அவர் காட்டிய அளவு முறையோ நின்றது.

செவ்ரில் நேர்ந்த இழப்பு

இவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்பவர் பிரான்சு நாட்டு விக்டர் ரெனோ. 1810இல் ஆகென் நகரில் பிறந்தார். நெப்போலியனின் படையில் பணிபுரிந்த தந்தை 1812ஆம் ஆண்டு ருஷ்யப் படையெடுப்பில் மடிந்தார். அடுத்துத் தாயும் மறைந்தார். அநாதையான சிறுவன் பாரிசில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கு அமர்ந்தான். கிடைத்த நேரத்தில் படித்து, 1830இல் அந்நாட்டின் தலைசிறந்த பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றான்.

அக்காலம் நீராவி இயந்திரத்தின் காலம். கொதிகலன் எந்தச் சூட்டில் எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்பது உயிர்ப் பிரச்சினை. கணக்குத் தவறினால் கலன் வெடிக்கும். அரசின் பொதுப்பணித் துறை அமைச்சகம் இவ்வளவுகளைத் திருத்தமாக எடுக்கும் பொறுப்பை ரெனோவிடம் ஒப்படைத்தது.

ரெனோ கொள்கைகளில் மயங்கவில்லை. முன்னோர் அளவுகள் ஒவ்வொன்றையும் ஐயுற்று, மீண்டும் அளந்தார். குறைந்த அழுத்தங்களுக்கு டால்ட்டனின் முறையைச் செம்மை செய்துகொண்டார். உயர்ந்த அழுத்தங்களுக்கு வேறொரு முறையைக் கையாண்டார். ஒரு கொதிகலனைப் பெரிய காற்றுத் தொட்டியோடு இணைத்து, தொட்டியின் அழுத்தத்தைத் தாம் வேண்டியபடி அமைத்து, அவ்வழுத்தத்தில் திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்று பார்ப்பார். முதல் முறையில் வெப்பநிலையை நிறுத்தி அழுத்தம் காண்கிறோம். இரண்டாம் முறையிலோ அழுத்தத்தை நிறுத்தி வெப்பநிலை காண்கிறோம். இன்றளவும் ஆவியழுத்த அளவைகளில் இவ்விரு வழிகளே தலையாயவை.

1847இல் அவருடைய முதற் பெருந்தொகுதி வெளிவந்தது; 1862இலும் 1870இலும் பிற தொகுதிகள் தொடர்ந்தன. நீர் மட்டுமன்றி, சாராயம், ஈதர், குளோரோபாரம், கரிமக் கந்தகத் திரவம் எனப் பல திரவங்களின் ஆவிகளும் அவர் கைக்கு அடங்கின. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், 1845இல் இளைஞராக வந்து அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்து சென்றார். கண்டவை அனைத்தையும், முறையையும் பிழைகளையும் மறைக்காமல், ரெனோ அச்சில் ஏற்றினார்.

1854இல் செவ்ர் நகரத்துப் பீங்கான் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆய்வுக்கூடமும் அங்கே அமைந்தது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸ் முற்றுகையிடப்பட்டது, செவ்ர் பகைவர் வசமாயிற்று. வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த வெப்பமானிகளும் தராசுகளும் அழுத்தமானிகளும் உடைக்கப்பட்டன. அச்சேறாதிருந்த குறிப்பேடுகள் அழிந்தன. அத்துடன் துயரம் நிற்கவில்லை. ஓவியராகப் புகழ்பெறத் தொடங்கியிருந்த மகன் ஆன்ரி, 1871 ஜனவரி 19ஆம் நாள் பூசன்வால் போர்க்களத்தில் வீழ்ந்தார். போருக்குத் தந்தையைப் பறிகொடுத்தவர், போருக்கே மகனையும் பறிகொடுத்தார். அதன்பின் ரெனோவின் ஆய்வு வாழ்வு மீளவில்லை. ஏழாண்டுகள் கழித்து, மகன் மாண்ட அதே ஜனவரி 19ஆம் நாளில், 1878இல் அவரும் கண்மூடினார்.

கருவிகள் போயின, ஏடுகள் போயின. ஆனால் முன்பே அச்சேறிய அளவுகளை எந்தப் படையாலும் அழிக்க முடியவில்லை. ரெனோ போன்றோர் குவித்து வைத்த அத்தகைய அளவுகள் இருந்தபடியால்தான், 1888இல் அந்துவான் என்னும் பிரெஞ்சுக்காரர், வெப்பநிலையையும் ஆவியழுத்தத்தையும் இணைக்கும் எளிய சூத்திரம் ஒன்றை வகுக்க முடிந்தது. டால்ட்டன் எல்லாத் திரவங்களையும் ஒரே கயிற்றால் கட்டப் பார்த்தார். அந்துவானோ ஒவ்வொரு திரவத்துக்கும் அதற்கே உரிய மூன்று எண்களை வழங்கினார். அசிட்டோனுக்கு அவை 229.66, 1210.6, 7.117 எனக் கொள்ளலாம். வெப்பநிலையோடு முதல் எண்ணைக் கூட்டி, அத்தொகையால் இரண்டாம் எண்ணை வகுத்து, வந்த ஈவை மூன்றாம் எண்ணிலிருந்து கழித்தால், மில்லிமீட்டரில் அழுத்தத்தின் மடக்கை கிடைக்கும். 25 பாகைக்குக் கணக்கிட்டால் 2.363 வரும், மடக்கைப் பட்டியலைப் புரட்டினால் 231 மில்லிமீட்டர். பள்ளியிறுதி மாணவரும் செய்து பார்க்கத் தக்க கணக்கு இது.

கீட்டோன்களின் குணம்

நீரை அளப்பது ஒன்று. கீட்டோன்களை அளப்பது வேறொன்று. அசிட்டோன் காற்றின் ஈரத்தைக் கவர்ந்துகொள்ளும். சிறிதளவு நீர் கலந்தாலும் அழுத்தம் மாறும். காற்று கரைந்திருந்தால் அதுவும் வெளிப்பட்டு, இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். கண்ணாடிக் குழாய்த் திருகுகளில் காற்றுப் புகாதிருக்கப் பூசும் மசகையும் கீட்டோன்கள் கரைத்துவிடும். அளக்க வந்தவனின் கருவியையே அரிக்கும் பொருள்கள் இவை!

ஆகவே, தூய்மை செய்வதே பாதி வேலையாயிற்று. அசிட்டோனில் சோடியம் அயோடைடைக் கரைத்துக் குளிரவைத்தால் இரண்டும் சேர்ந்த பளிங்குகள் உண்டாகும். அவற்றைப் பிரித்தெடுத்து மெல்லச் சூடாக்கினால் தூய அசிட்டோன் வெளிவரும். இத்தகைய வழிகளைக் கண்ட பின்னரே நம்பத்தக்க அளவுகள் கிடைத்தன.

கருவிகளும் திருந்தின. பிரிஸ்டல் நகரத்துக் கல்லூரியில் பணிபுரிந்த வில்லியம் ராம்சேயும் சிட்னி யங்கும், 1880களின் நடுவில் ஓர் அரிய உத்தியைக் கையாண்டனர். வெப்பமானியின் குமிழைப் பஞ்சால் சுற்றி, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட குழாயில் நிறுத்தி, திரவத்தைத் துளித்துளியாக அதன்மேல் விழச் செய்தனர். திரவம் பஞ்சின் பரப்பிலிருந்தே ஆவியாவதால், குதித்துக் கொதிப்பதும், கொதிநிலையைத் தாண்டிச் சூடேறுவதும் இல்லை. வெப்பமானி ஒரு நிலையில் நின்றுவிடும். அதுவே அவ்வழுத்தத்துக்கு உரிய கொதிநிலை. ரெனோவின் இருவகை முறைகளும் ஒரே விடையைத் தருமா என்னும் ஐயம் அக்காலத்தில் எழுந்தபோது, திருந்தச் செய்தால் இரண்டும் ஒத்தே வரும் என்று நிறுவியவர்களும் இவர்களே. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இந்த ராம்சேதான், ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவ எண்ணிய அறிவியற் கழகத்துக்குப் பெங்களூரே தக்க இடம் என்று பரிந்துரைத்தவர்.

1910இல் அமெரிக்காவில் ஸ்மித், மென்சீஸ் என்னும் இருவர் மற்றொரு கருவியை வெளியிட்டனர். சிறு குமிழில் திரவம். அதையொட்டி வளைந்த குழாயிலும் அதே திரவம். முதலில் கொதிக்கவைத்துக் காற்றை விரட்டுவர். வளைகுழாயின் ஒரு புறம் ஆவி அழுத்தும். மறுபுறம் காற்றை ஏற்றியும் இறக்கியும் இரு கைகளிலும் திரவம் சமமாக நிற்கும்படி செய்வர். அப்போது வெளியே உள்ள அழுத்தமானி காட்டுவதே ஆவியழுத்தம். ஆவியைத் தடுத்து நிற்பது அதே திரவமாதலால், பாதரசமோ மசகோ அதைத் தீண்டுவதில்லை. முள்ளை முள்ளால் எடுப்பது போன்ற வழி இது.

நீரே அளவுகோல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வளவை இன்னும் நுட்பமடைந்தது. இங்கிலாந்தில் டெடிங்டன் என்னுமிடத்திலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டக்ளஸ் அம்ப்ரோசும் அவர் தோழர்களும் ஆக்சிஜன் அடங்கிய கரிமச் சேர்மங்களை வரிசையாக அளந்தனர். 1974இல் அசிட்டோனின் அளவுகளும், 1975இல் வேறு பல கீட்டோன்களின் அளவுகளும் வெளிவந்தன.

அவர்கள் கையாண்ட முறையின் அடிப்படை இது: இரண்டு கொதிகலங்கள், ஒன்றில் ஆராய வேண்டிய கீட்டோன், மற்றொன்றில் தூய நீர். இரண்டையும் ஒரே வாயுவால் நிரம்பிய குழாய் இணைப்பதால், இரண்டிலும் அழுத்தம் ஒன்றே. இரண்டையும் ஒருசேரக் கொதிக்கவிட்டு, பிளாட்டின வெப்பமானிகளால் இரண்டு கொதிநிலைகளையும் அளப்பர். நீரின் கொதிநிலை தெரிந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். நூறு பாகையை ஒட்டி, வெப்பநிலை ஒரு பாகை மாறினால் நீரின் ஆவியழுத்தம் சுமார் 27 மில்லிமீட்டர் மாறுகிறது. ஆயிரத்தில் ஒரு பாகையைப் பிரித்தறிய முடிந்தால், அழுத்தத்தில் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம். எந்தப் பாதரசத் தூணையும் கண்ணால் பார்த்து இத்துணை நுட்பமாக அளப்பது அரிது.

டால்ட்டன் குழாயில் ஊற்றி அளந்த நீர், ரெனோ கொதிகலனில் இட்டு அளந்த நீர், இவ்வாறு மற்றத் திரவங்களை அளக்கும் கோலாக உயர்ந்தது. ஒருவர் நேர்மையாக அளந்து வைத்தது, அடுத்தவர்க்கு அளவுகோலாகிறது.

எண்ணில் அடங்கிய உயிர்

இவ்வளவு நுட்பம் யாருக்குப் பயன் என்று கேட்கலாம். ஒரு சான்று காட்டுவோம். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு அசிட்டோன் ஆவி கலந்தால் அக்கலவை தீப்பற்றும். சுழியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் அசிட்டோனின் ஆவியழுத்தம் சுமார் 22 மில்லிமீட்டர். காற்றின் அழுத்தமான 760இல் அது நூற்றுக்கு மூன்று பங்கு. ஆகவே, நீர் உறைந்து கல்லாகும் குளிரிலும், திறந்து வைத்த அசிட்டோன் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது! நம் ஊர் வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஆவி காற்றைப் போல் இருமடங்கு கனமுள்ளதாதலால், தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். வண்ணப் பூச்சுக் கூடங்களிலும் மருந்துத் தொழிற்சாலைகளிலும் காற்றோட்டத்துக்கு வகுக்கப்படும் விதிகளுக்குப் பின்னே இவ்வெண்கள் நிற்கின்றன. எண் தவறினால் விதி தவறும். விதி தவறினால் தொழிலாளியின் உயிர் போகும்.

அல்-கிந்தீயின் காலத்தவர் ஆவியை நாசியால் அறிந்தனர். டால்ட்டன் அதைப் பாதரசத்தால் அளந்தார். அவர் விதி பிழைத்தது, முறை வாழ்ந்தது. ரெனோ தம் கருவிகளையும் மகனையும் இழந்தார். அவர் அளவுகள் வாழ்ந்தன. பிற்காலத்தார் அவற்றைச் செம்மைப்படுத்தினரேயன்றிப் புறக்கணிக்கவில்லை. அளவில் நேர்மை வணிகனுக்கு மட்டும் உரிய கடமையன்று. காண முடியாததை அளக்க முற்பட்ட அறிஞனுக்கும் அதுவே கடமை. அவன் அளந்த எண்ணை நம்பி, அவனை அறியாத எவரோ ஒருவர், எங்கோ ஒரு கொதிகலன் அருகில் நின்று வேலை செய்கிறார்.

அடுத்த முறை பெட்டியைத் திறந்து, கற்பூரம் போன வெறும் முடிச்சைக் காணும்போது இதை நினைவில் கொள்வோம். அறைச் சூட்டில் அதன் ஆவியழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. அந்தச் சிறு எண்ணே ஓசையின்றி நம் பெட்டியைக் காலி செய்திருக்கிறது.